சமூக ஊடகத்தில் சொந்தத் தகவல்களைப் பகிர்வதால் ஒரு சாதாரணக் குடும்பத்துக்கு என்ன தீங்கு வந்துவிடும்?

கேள்வியைக் கேட்டவர், தம்மிடம் திருடுவதற்குப் பெரும் பணமோ மறைப்பதற்கு ரகசியமோ இல்லை என்றும், பிள்ளைகளின் படங்களையும் பயணச் செய்திகளையும் முகநூலில் பகிர்வதைக் கண்டு மனைவி அஞ்சுவது தேவையற்றது என்றே தமக்குத் தோன்றுகிறது என்றும் எழுதியிருக்கிறார். நான் கோத்தகிரியில் வசிக்கும் பள்ளி ஆசிரியை. 2022 நவம்பர் வரை எனக்கும் இதே எண்ணம்தான் இருந்தது. அது ஏன் மாறியது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

அந்த மாதம் அப்பாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை. நானும் தங்கையும் அவரைக் கோயம்புத்தூருக்கு அழைத்துச் சென்றிருந்தோம். முழங்கால் வலியால் மலையிறங்க முடியாத அம்மா மட்டும் வீட்டில் இருந்தார். இரண்டாம் நாள் முற்பகலில் அம்மாவின் கைப்பேசிக்கு ஓர் அழைப்பு வந்தது. மருத்துவமனையில் பணம் கட்டும் இடத்திலிருந்து பேசுவதாகச் சொன்ன அந்த மனிதர், அப்பாவின் பெயரையும் எந்தக் கண்ணில் சிகிச்சை என்பதையும் சரியாகச் சொன்னார். தங்கையை நாங்கள் வீட்டுக்குள் அழைக்கும் செல்லப்பெயராலேயே குறிப்பிட்டு, அவர் டாக்டருடன் உள்ளே இருப்பதாகவும், வேறு லென்ஸ் வைக்க வேண்டியிருப்பதால் 24,000 ரூபாய் உடனே வர வேண்டும் என்றும் கூறினார். அந்தச் செல்லப்பெயரைக் கேட்ட பிறகு அம்மாவுக்கு ஐயம் எழவே இல்லை. பச்சைத்தேயிலை விற்று வந்த பணத்தை எடுத்து எதிர்வீட்டுத் தம்பியிடம் கொடுத்து, அவருடைய ஜிபே வழியாக அனுப்பச் செய்துவிட்டார். இரவு நாங்கள் பேசியபோதுதான் உண்மை தெரிந்தது. இணையக் குற்றங்களுக்கான 1930 என்ற எண்ணை மறுநாள் காலையில்தான் அழைத்தோம்; அதற்குள் பணம் பல கணக்குகளுக்கு நகர்ந்துவிட்டிருந்தது. முடக்கி மீட்க முடிந்தது 6,000 ரூபாய் மட்டுமே. இத்தகைய மோசடியில் முதல் சில மணி நேரம் எவ்வளவு முக்கியமானது என்பதை அன்று நான் அறிந்திருக்கவில்லை.

மருத்துவமனை ஊழியர் யாரோ சொல்லியிருப்பார் என்றுதான் முதலில் நினைத்தோம். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் தங்கையும் எங்கள் பக்கங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தோம். காத்திருப்புக் கூடத்தில் அப்பா அமர்ந்திருக்கும் படத்தைத் தங்கை பகிர்ந்திருந்தாள்; பின்னால் மருத்துவமனையின் பெயர்ப்பலகை தெளிவாகத் தெரிந்தது; 'வலது கண்ணில் ஆபரேஷன், வேண்டிக்கொள்ளுங்கள்' என்ற வரியும் இருந்தது. அம்மா எங்கே என்று கேட்ட உறவினருக்கு, முழங்கால் வலியால் அவர் வீட்டில் தனியாக இருக்கிறார் என்று அவளே பதில் எழுதியிருந்தாள். பெற்றோரின் முழுப் பெயர்கள் நான் எழுதிய திருமணநாள் வாழ்த்தில் இருந்தன. செல்லப்பெயர் எங்கள் சித்தி இட்ட பிறந்தநாள் வாழ்த்தில் இருந்தது. கைப்பேசி எண் எப்படிக் கிடைத்தது என்பதுதான் நெடுநேரம் புரியவில்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன், வீட்டின் பின்பகுதியை வாடகைக்கு விடுவதாக நானே ஒரு பதிவு போட்டிருந்தேன்; வீட்டில் எப்போதும் இருப்பவர் என்பதால் அம்மாவின் எண்ணைக் கொடுத்திருந்தேன். குடியிருப்பவர் வந்த பிறகும் அந்தப் பதிவு அங்கேயே கிடந்தது.

இவற்றில் எதுவும் ரகசியம் இல்லை. பாசத்தாலோ தேவையாலோ வெவ்வேறு காலங்களில் மூன்று பேர் எழுதியவை அவை. தனித்தனியாக எவருக்கும் பயன்படாத அந்தத் துணுக்குகளை ஒருவர் ஒன்றுசேர்த்தபோது, எங்கள் வீட்டு வாசலில் உரிமையோடு வந்து நிற்கும் ஓர் உறவினருக்குச் சமமான அறிவு அவர் கையில் சேர்ந்துவிட்டது. ஆகவே, 'இந்தப் பதிவில் ஆபத்தான தகவல் ஏதும் இருக்கிறதா' என்று தனித்தனியாகப் பார்ப்பது போதாது என்பதே நான் முதலில் சொல்ல வேண்டியது. ஏற்கெனவே வெளியில் கிடப்பவற்றோடு சேரும்போது அந்தப் பதிவு எதை நிறைவு செய்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

ஒருவரை அடையாளம் காண எத்தனை துணுக்குகள் வேண்டும் என்பதை ஆராய்ந்தவர்கள் உண்டு. அமெரிக்க ஆய்வாளர் லத்தானியா ஸ்வீனி, அஞ்சல் குறியீட்டு எண், பிறந்த தேதி, பாலினம் ஆகிய மூன்றையும் சேர்த்தால் அந்நாட்டு மக்களில் 87 விழுக்காட்டினரைத் தனித்துச் சுட்டிவிட வாய்ப்புண்டு என்று 2000-ஆம் ஆண்டில் கணித்துக் காட்டினார். மூன்றிலும் பெயர் இல்லை என்பதைக் கவனியுங்கள். சிற்றூர்களில் இது இன்னும் எளிது. 2011 கணக்கெடுப்பின்படி கோத்தகிரி நகரின் மக்கள்தொகை சுமார் 28,000 மட்டுமே. இங்கே முகவரி எழுதத் தேவையே இல்லை. மாடியிலிருந்து எடுத்த படத்தில் ரங்கசாமி மலையின் முகடு எந்தப் பக்கமாகத் தெரிகிறது, கீழே இருப்பது தேயிலைச் சரிவா காய்கறித் தோட்டமா என்பதைக் கொண்டே வீடு எந்தத் தெருவில் இருக்கிறது என்று உள்ளூர்க்காரர் ஒருவர் சொல்லிவிடுவார். பெருநகரத்தில் ஒருவருக்குக் கூட்டம் தரும் மறைவு மலையூரில் கிடையாது. ஆனால் இங்கே இருப்பவர்கள்தான், எல்லாரும் தெரிந்தவர்கள் என்ற நம்பிக்கையில், மிகவும் தயக்கமின்றிப் பகிர்கிறார்கள் என்பதை நான் கண்டிருக்கிறேன்.

துணுக்குகள் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு உலகறிந்த சான்றும் உண்டு. ஓட்டப் பயிற்சியைப் பதிவு செய்யும் ஸ்ட்ராவா என்னும் செயலி, தன் பயனர்கள் ஓடிய பாதைகளையெல்லாம் ஒரே உலக வரைபடத்தில் ஒளிக்கோடுகளாக்கி 2017 நவம்பரில் வெளியிட்டது. அதில் யாருடைய பெயரும் இல்லை. ஆனாலும் ஆப்கானிஸ்தான், சிரியா போன்ற நாடுகளில் இருந்த ராணுவ முகாம்களின் உருவம் அந்தக் கோடுகளில் தெளிவாகத் தெரிவதை 2018 ஜனவரியில் ஒரு மாணவர் சுட்டிக்காட்டினார். காலையில் ஓடிய வீரர்கள் எவரும் முகாமின் இடத்தை வெளியிடுவதாக எண்ணியிருக்க மாட்டார்கள். வெலிங்டனில் ராணுவக் குடும்பங்கள் வாழும் எங்கள் மாவட்டத்தில் இந்தச் செய்தியை நான் வகுப்பில் சொல்லும்போது, பிள்ளைகள் உடனே புரிந்துகொள்கிறார்கள்.

நாம் பகிர்வது நம்முடையது மட்டும்தானா என்பது அடுத்த கேள்வி. முகநூல் பயனர்களின் தகவல்கள் ஒரு வினாடிவினாச் செயலி வழியாகக் கேம்பிரிட்ஜ் அனாலிட்டிகா என்ற அரசியல் ஆலோசனை நிறுவனத்துக்குச் சென்ற விவகாரம் 2018-இல் வெளிவந்தபோது, இந்தியாவில் அந்தச் செயலியை நிறுவியவர்கள் 335 பேர்தான் என்றும், அவர்களையும் சேர்த்து இங்கே தகவல் சென்றிருக்கக்கூடியவர்கள் மொத்தம் 5,62,455 பேர் என்றும் முகநூல் நிறுவனமே தெரிவித்தது. மற்றவர்கள் செய்த தவறு எதுவும் இல்லை. அவர்கள் அந்தச் செயலியை நிறுவியவர்களுக்கு முகநூலில் நண்பர்களாக இருந்தார்கள், அவ்வளவுதான். எங்கள் வீட்டிலும் அப்பா எந்தச் சமூக ஊடகத்திலும் இல்லை. அவருடைய கண்ணைப் பற்றி ஊருக்குச் சொன்னவர்கள் நாங்கள்.

பிள்ளைகள் விஷயத்தில் இதை மேலும் கண்டிப்பாக எண்ண வேண்டும் என்பது என் கருத்து. சீருடையும் பேட்ஜும் பள்ளியைச் சொல்லிவிடும். பிறந்தநாள் கேக்கில் எழுதிய எண் வயதைச் சொல்லிவிடும். வேன் ஏறும் இடத்தில் எடுத்த படம் நேரத்தையும் தெருமுனையையும் சொல்லிவிடும். இவ்வளவும் தெரிந்த ஒருவர் பள்ளி வாசலில் நின்று, 'அம்மா அனுப்பினார்கள்' என்று சொன்னால், ஏழு வயதுக் குழந்தை நம்பாமல் என்ன செய்யும்?

சட்டம் காப்பாற்றும் என்று சிலர் சொல்கிறார்கள். தனியுரிமை அடிப்படை உரிமையே என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்தது உண்மை. 2023-இல் தனிநபர் மின்னணுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டதும் உண்மை. ஆனால் அந்தச் சட்டத்தின் மூன்றாம் பிரிவைப் படித்தபோது எனக்குத் திகைப்பாக இருந்தது. ஒருவர் தாமே பொதுவெளியில் வைத்த தன் தகவலுக்கு இச்சட்டம் பொருந்தாது என்று அதில் கூறப்பட்டிருக்கிறது. சமூக ஊடகத்தில் தன் தகவலைத் தானே வெளியிட்டவரைத்தான் எடுத்துக்காட்டாகவும் கொடுத்திருக்கிறார்கள். நாம் ஒளித்து வைத்ததைத் திருடுவது வேறு, நாமே திண்ணையில் வைத்ததை எடுத்துக்கொள்வது வேறு என்றே அந்தச் சட்டம் பார்க்கிறது.

பயணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயிலில் ஏறும் மகிழ்ச்சியில், பத்து இலக்கப் பிஎன்ஆர் எண்ணோடு டிக்கெட்டைப் படமெடுத்துப் போடுகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். வீடு இன்று பூட்டியிருக்கிறது என்பதையும் சேர்த்தே அந்தப் படம் அறிவிக்கிறது. திரும்பி வந்த பிறகு பகிர்ந்தால் அந்த மகிழ்ச்சியில் ஒன்றும் குறைந்துவிடாது.

நான் பகிர்வதை நிறுத்தவில்லை. சமவெளிக்கும் வெளிநாட்டுக்கும் பிழைக்கப் போன எங்கள் உறவினர்களுக்கு, ஊர்த் திருவிழாவையும் பனிக்காலத்தையும் காட்டுவது இந்தப் பக்கங்கள்தாம். அதை இழக்க எனக்கு மனமில்லை. ஆனால் பழைய பதிவுகளைத் தேடி, எண், முகவரி, பிறந்த தேதி உள்ளவற்றை நீக்கினோம். நண்பர் பட்டியலை மறைத்தோம். குடும்பப் படங்களை நெருங்கியவர்கள் மட்டும் பார்க்கும்படி மாற்றினோம். உடல்நலச் செய்திகளைத் தொலைபேசியில் மட்டும் சொல்கிறோம். மற்றவரின் படத்தைப் போடுமுன் அவரிடம் கேட்கிறோம். அப்பா இரண்டு முறை வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார், நாங்களும் விட்டுவிட்டோம்.

அம்மாவைத் தேற்றத்தான் வெகுநாள் ஆயிற்று. போன பணத்தைப் பற்றி அவர் ஓரிரு முறைதான் பேசினார். தம்மால் குடும்பத்துக்கு நட்டம் வந்துவிட்டது என்ற வெட்கத்தில் பல மாதங்கள் தெரியாத எண்ணிலிருந்து வந்த எந்த அழைப்பையும் எடுக்காமல் இருந்தார். அப்பாவின் மறுபரிசோதனைக்கு மருத்துவமனையிலிருந்து உண்மையாகவே வந்த அழைப்பும் அதில் தவறிப்போனது. இப்போது எங்களுக்குள் ஒரு கேள்வி வைத்திருக்கிறோம். பணம் என்ற பேச்சு எடுத்தால், பேசுவது நானாகவே இருந்தாலும், அம்மா முதலில் அந்தக் கேள்வியைக் கேட்பார். விடை சரியாக இருந்தாலும் போனை வைத்துவிட்டு, தம்மிடம் உள்ள எண்ணுக்கு அவரே திரும்ப அழைப்பார். சென்ற மாதம்கூட எரிவாயு சிலிண்டருக்குப் பணம் அனுப்பச் சொன்னபோது என்னிடம் அதைக் கேட்டுவிட்டுத்தான் பேசினார்.