குமிழைத் திருகும் முன் அடியைப் பாருங்கள்

(ராணுவத்தில் இ.எம்.இ. எனும் மின்னணு, இயந்திரப் பொறியியல் பிரிவில் ஆயுதம் பழுதுபார்த்து ஓய்வுபெற்று, இப்போது வேலூரில் இருப்பவர் வாசகர்களுக்குப் பதில் எழுதுகிறார்.)

கேள்வி: என் மகன் டெக்சாஸில் வேலை பார்க்கிறான். அங்குள்ள சட்டப்படி ஏ.ஆர்.15 வகை அரைத்தானியங்கி ரைஃபிள் வாங்கி, குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்பைத் தானே பொருத்தியிருக்கிறான். 25 கஜத்தில் நடுவில் விழும் குண்டு 100 கஜத்தில் நான்கு அங்குலம் இடது பக்கம் போகிறதாம். ஸ்கோப்பின் திருத்தக் குமிழைத் திருகிச் சரிசெய்தால் அடுத்த வாரம் வேறிடத்தில் விழுகிறதாம். ஸ்கோப்பையே மாற்றப்போவதாகச் சொல்கிறான். மாற்றலாமா?
- ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், சத்துவாச்சாரி

பதில்: அய்யா, இப்போதைக்குப் பணப்பையை மூடி வைக்கச் சொல்லுங்கள். ஸ்கோப் கெட்டுப்போவதும் உண்டுதான். ஆனால் அப்படிச் சொல்லி என் மேசைக்கு வந்தவற்றில் பெரும்பாலானவை, அடியில் ஸ்கோப்பைத் தாங்கும் மவுண்ட் ஆடியதால் வந்தவை. மண்சுவர் சரிந்தால் கூரையைக் குறை சொல்வது நம் வழக்கம்.

உங்கள் மகன் சொல்வதில் இரண்டு நோய்கள் இருக்கின்றன. அடுத்த வாரம் வேறிடத்தில் விழுவதுதான் பெரிய நோய், அதை முதலில் பார்ப்போம்.

ரைஃபிளின் முதுகில் பல் பல்லாக வெட்டிய பட்டை ஒன்று இருக்கும். அதற்கு ரெயில் என்று பெயர், காட்பாடி ஜங்ஷனை நினைத்துக்கொள்ளாதீர்கள். பிக்கட்டினி என்னும் இந்த அளவை அமெரிக்க ராணுவம் 1995-இல் தரப்படுத்தியது. பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே உள்ள பள்ளத்தில் மவுண்டின் குறுக்குக் கட்டை உட்காரும். பள்ளம் கட்டையைவிடச் சற்று அகலம். சுடும்போது ரைஃபிள் பின்னால் உதைக்கும், ஸ்கோப்போ இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கும். ஆகவே குறுக்குக் கட்டை பள்ளத்தின் முன்சுவரைத் தொடும்வரை மவுண்டை முன்னே தள்ளிப் பிடித்துக்கொண்டு, அதன் பிறகு முடுக்க வேண்டும். நடுவில் விட்டு முடுக்கினால் ஒவ்வொரு குண்டுக்கும் மயிரளவு நகரும். அரைத்தானியங்கியில் உதைப்போடு முடிவதில்லை. உள்ளே போல்ட் என்னும் இரும்புக் கட்டை பின்னால் ஓடி, அடுத்த தோட்டாவைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்து அறைகிறது. அந்த அறையையும் திருகுகள்தான் தாங்க வேண்டும்.

இன்னொன்றையும் கேளுங்கள். ஸ்கோப் குழாயைப் பிடிக்கும் இரண்டு வளையங்களில் முன் வளையம் எங்கே நிற்கிறது? ஏ.ஆர். ரைஃபிள்கள் பலவற்றில் முதுகுப் பட்டை முன்கைப்பிடி மேலும் தொடர்வதால் ஒரே பட்டைபோலத் தோன்றும். கைப்பிடி தனித்துண்டு, கையின் அழுத்தத்துக்கும் முன்னால் ஊன்றும் கால்தாங்கியின் எடைக்கும் அது அசையும். ஒரு கால் திண்ணையிலும் ஒரு கால் படகிலும் வைத்த கதை அது. முன்பக்கம் நீண்டிருக்கும் ஒற்றைத் துண்டு மவுண்டை வாங்கி, அதன் அடி முழுவதும் ரிசீவர் என்னும் நடு உடம்பின் மேலேயே உட்காரும்படி வைக்கட்டும். செலவு செய்வதானால் இதற்குச் செய்யலாம்.

அடுத்து, கண்ணுக்கும் கண்ணாடிக்கும் உள்ள இடைவெளி. இது பெரும்பாலான ஸ்கோப்களில் மூன்று, மூன்றரை அங்குலம். அளவுகோல் தேவையில்லை. கண்ணை மூடிக்கொண்டு வழக்கம்போலக் கன்னத்தைக் கட்டையில் வைத்து, பிறகு கண்ணைத் திறக்கட்டும். ஓரத்தில் கரும்பிறை தெரியாமல் முழு வட்டம் தெரிய வேண்டும். பிறை தெரிந்தால் ஸ்கோப்பை முன்னோ பின்னோ நகர்த்த வேண்டும், கழுத்தை நீட்டக் கூடாது.

பிறகு நேர் நிறுத்துவது. எனக்குப் பிடித்த கட்டம் இதுதான், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். என் பட்டறையில் இதற்குக் கொத்தனாரின் தூக்குக்குண்டை வைத்திருந்தேன். இருபது தப்படி தள்ளி வெள்ளை நூலில் அது தொங்கும். ரைஃபிளை இடுக்கியில் பிடித்து, முதுகுப் பட்டையின் குறுக்கே சின்ன ரசமட்டத்தை வைத்து, குமிழி நடுவில் நிற்கும்வரை சாய்ப்பேன். வளையங்கள் இன்னும் தளர்வாகவே இருக்கும். ஸ்கோப் வழியே பார்த்துக்கொண்டே குழாயை உருட்டி, உள்ளே தெரியும் செங்குத்துக் கோட்டை நூலின் மேல் படிய வைப்பேன். படிந்ததும் நூல் மறைந்துவிடும். அந்த நொடியில் மூச்சையும் அடக்கிக்கொள்வேன், ஏனென்று எனக்கே தெரியாது. அதன் பிறகு திருகுகளைக் எதிரெதிர் மூலையாக மாறி மாறி, ஒன்றுக்குக் கால் சுற்று வீதம் முடுக்க வேண்டும். ஒரே பக்கத்தை இறுக்கினால் குழாய் அந்தப் பக்கம் புரண்டு, கோடு நூலைவிட்டு விலகும். வளையத்தின் இரு பக்க இடுக்கும் சமமா என்று ஒரு கல்யாணப் பத்திரிகை அட்டையைச் செருகிப் பார்த்துக்கொள்வேன். வளையத் திருகுக்கு ஏறக்குறைய 2 நியூட்டன் மீட்டர் முறுக்கு போதும். பலசாலி முடுக்கினால் குழாய் நசுங்கும். முடுக்குவதற்கு முன் திருகில் ஒட்டிய எண்ணெயை ஸ்பிரிட்டால் துடைத்துவிட வேண்டும்.

இப்போது இடது பக்க நான்கு அங்குலம். 25 கஜத்தில் 'நடுவில்' விழுந்ததை அவன் அளந்து பார்த்தானா? அங்கே ஒரு அங்குலம் விலகினாலே 100 கஜத்தில் நான்கு அங்குலமாகும். கோணம் அதேதான், தூரம் நான்கு மடங்கு. அவனுடைய குமிழ் கால் மினிட் (மினிட் என்பது பாகையில் அறுபதில் ஒரு பங்கு) வகையானால், ஒரு கிளிக் 100 கஜத்தில் கால் அங்குலமும் 25 கஜத்தில் ஒரு அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கும் நகர்த்தும். எங்கே நின்று கணக்குப் போட்டாலும் வலது பக்கம் 16 கிளிக். தலைமையாசிரியருக்கு இதை நான் விளக்குவது கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம்தான்.

தோட்டா வீணாகாமல் தொடங்க ஒரு வழி உண்டு. தோட்டாக் கூடான மேகசினைக் கழற்றி, குழலின் தோட்டா அறை காலி என்று கண்ணால் பார்த்து விரலாலும் தடவி உறுதிசெய்த பிறகு, பின் ஊசியைத் தள்ளி ரைஃபிளின் மேல்பாதியைத் திறந்து போல்ட்டை உருவிவிடட்டும். மணல்மூட்டை மேல் அதை அசையாமல் வைத்து, பின்னாலிருந்து குழலின் வழியே பார்த்து, 25 கஜத்தில் ஒட்டிய வட்டத்தைக் குழலின் நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். ரைஃபிளைத் தொடாமல், குமிழ்களை மட்டும் திருகிச் சிலுவைக்கோட்டை அதே வட்டத்துக்குக் கொண்டுவந்தால் முதல் குண்டு அட்டைக்குள் விழும். சுடும்போது மூன்று மூன்றாகச் சுட்டு, மூன்றின் நடுவை வைத்துத் திருத்தட்டும். ஒவ்வொரு குண்டுக்கும் குமிழைத் திருகுபவன் தன் கைநடுக்கத்தையே துரத்திக்கொண்டிருப்பான்.

கேள்வி: நான் எஸ்.எல்.ஆர். ரைஃபிள் பிடித்த காலத்தவன். அதில் ஸ்கோப்பைப் பார்த்த நினைவே இல்லையே, ஏன்?
- முன்னாள் படைவீரர், கம்மவான்பேட்டை

பதில்: அண்ணே, வீட்டுக்கு வீடு ராணுவத்துக்கு ஆள் அனுப்பிய ஊரிலிருந்து கேட்டிருக்கிறீர்கள், எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும். எஸ்.எல்.ஆரின் மேல்மூடி மெல்லிய தகடு, பின்னால் இழுத்தால் கழன்று வரும். அதன்மேல் ஸ்கோப்பை வைத்தால் கரகாட்டம்தான். ஆங்கிலேயர் இதற்கென்றே கெட்டியான தனி மூடி செய்து ஸ்கோப் வைத்தார்கள்.

டிராகுனோவ் என்னும் ரைஃபிள் வேறு சாதி. 1963-இல் சோவியத் ராணுவம் ஏற்றுக்கொண்ட அரைத்தானியங்கி அது, மேகசினில் பத்துத் தோட்டா. ஸ்கோப் ஏறுவதற்கான பட்டை அதன் உடம்பின் இடது பக்கத்திலேயே இருக்கிறது. நான்கு மடங்கு பெரிதாக்கும் பி.எஸ்.ஓ.1 ஸ்கோப்பைப் பின்னாலிருந்து தள்ளி, நெம்புகோலை மடக்கினால் வேலை முடிந்தது. அந்த எளிமையை நம்பித்தான் நான் மாட்டிக்கொண்டேன். விடியாத இருட்டில் தடவித் தடவிப் பொருத்திக் கொடுத்தேன். எங்கள் கம்பெனியின் நல்ல சுடுநர் 300 மீட்டரில் ஒரு சாண் தள்ளித் தள்ளிச் சுட்டார். சுபேதார் சாகிப் ஒன்றும் பேசவில்லை. ஸ்கோப்பைக் கழற்றி, பட்டையைத் தன் கட்டைவிரலால் வழித்து, விரலை என் முகத்துக்கு நேரே நீட்டினார். காய்ந்த கிரீஸில் பொடி மணல். ஏழெட்டு சென்டிமீட்டர் நீளப் பட்டையின் ஒரு முனை தலைமுடிப் பருமன் உயர்ந்தால் போதும், அங்கே ஒரு சாண் ஆகிவிடும். அன்று முதல் ஓய்வுபெறும்வரை என் சட்டைப் பையில் பழைய பல்துலக்கி ஒன்று இருந்தது.

கேள்வி: ஸ்பிரிங் ஏர் ரைஃபிளில் மாட்டிய ஸ்கோப் பின்னால் பின்னால் நழுவுகிறது. எவ்வளவு இறுக்கியும் நிற்கவில்லை.
- கல்லூரி மாணவர், பள்ளிகொண்டா

பதில்: தம்பி, மேலே முன்னால் தள்ளச் சொன்னேன் அல்லவா, உனக்கு அது தலைகீழ். உன் ரைஃபிளில் பிஸ்டன் முன்னால் ஓடி முட்டுவதால் துப்பாக்கி முன்பக்கமும் குலுங்குகிறது, ஸ்கோப் பின்தங்குகிறது. மவுண்டுக்குப் பின்னால் ஒரு தடுப்புக் கட்டை வை, அல்லது தடுப்பு முள் உள்ள மவுண்டாக வாங்கு. ஸ்கோப்பும் ஏர் ரைஃபிளுக்கென்று செய்ததாக இருக்கட்டும். பெரிய துப்பாக்கியின் விலையுயர்ந்த ஸ்கோப்கூட இந்த இருபக்கக் குலுக்கலில் உள்ளே உதிர்ந்துபோகும்.

கேள்வி: கத்தரித் தோட்டத்தைக் காட்டுப்பன்றி பாழாக்குகிறது. ஏர் ரைஃபிளுக்கு ஸ்கோப் வைத்தால் இரவில் சுடலாமா?
- விவசாயி, இலவம்பாடி

பதில்: கூடாது. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் உங்களைத்தான் பிடிக்கும். அந்தச் சின்ன ஈயக்குண்டுக்குப் பன்றியும் சாகாது, காயத்தோடு உங்கள் மேல் திரும்பும். வனத்துறையில் மனு கொடுத்து இழப்பீடு கேளுங்கள்.

கேள்வி: என் மகள் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் பழகுகிறாள். ஸ்கோப் வாங்கித் தரலாமா?
- குடும்பத் தலைவி, குடியாத்தம்

பதில்: அம்மா, அந்தப் போட்டியில் உருப்பெருக்கும் ஸ்கோப்புக்கு அனுமதி கிடையாது. சின்னத் துளை வழியேதான் பார்க்க வேண்டும். பத்துப் புள்ளி தரும் நடுப்புள்ளியின் அகலம் அரை மில்லிமீட்டர்தான். ஸ்கோப்புக்கு வைத்த பணத்தில் அவள் கால் அளவுக்குச் சரியான சுடுகாலணி வாங்குங்கள்.

கேள்வி: எங்கள் பயிற்சித் திடலில் காலையில் சரிசெய்த ஸ்கோப் மதியம் தப்புகிறதே?
- காவல் பணியில் இருப்பவர், காட்பாடி

பதில்: மே மாதத்து வேலூரில் மதியம் என்ன வேலை தம்பி? பாலாற்று மணலின் மேல் காற்று கொதித்து நெளிவதைப் பாலத்திலிருந்தே பார்க்கலாம். அந்த நெளிவுக்குள் இலக்கு இருக்குமிடம் ஒன்று, தெரியுமிடம் ஒன்று. குழலும் சூடேறிக் குண்டுகள் சிதறும். குமிழைத் தொடாமல் வீட்டுக்குப் போய்க் கூழ் குடித்துவிட்டுத் தூங்குங்கள். மறுநாள் ஏழு மணிக்கு அதே அட்டையில் மூன்று சுட்டுப் பார்த்து எழுதுங்கள்.