பூட்டானுக்குப் போக விமானத்தில் ஏறுங்கள், திரும்ப மலையில் இறங்குங்கள்

கேள்வி: அக்டோபரில் ஐந்து இரவு பூட்டான் போகிறோம். நான், மனைவி, 67 வயது அம்மா, 10 வயது மகள். சென்னையிலிருந்து விமானம் நல்லதா, ரயிலும் காருமா? அம்மாவுக்கு மலை வளைவு என்றாலே வாந்தி. சொந்தக் காரிலேயே போய்விடலாம் என்கிறான் தம்பி.

முதலில் தம்பியின் யோசனையைத் தள்ளி வையுங்கள். சென்னையிலிருந்து எல்லைக்கே இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓட்ட வேண்டும். அதற்கப்புறம் இந்திய வண்டிக்குத் தனி அனுமதி, நாள் கணக்கில் கட்டணம். அங்கே போய் இறங்கும்போது யாருக்கும் மலையைப் பார்க்கத் தெம்பு இருக்காது.

மற்ற இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டாம், இரண்டையும் எடுங்கள் என்பேன். போவது விமானம், வருவது சாலை. காரணம் சொல்கிறேன்.

பூட்டானில் இந்தியப் பயணிகள் ஓர் இரவுக்குத் தலைக்கு 1,200 ரூபாய் எஸ்.டி.எஃப். கட்ட வேண்டும், அதாவது அந்த நாட்டு அரசு வாங்கும் சுற்றுலாக் கட்டணம். 6 முதல் 12 வயதுவரை பாதி. உங்கள் குடும்பத்துக்கு இரவுக்கு 4,200, ஐந்து இரவுக்கு 21,000. ஓட்டல், சாப்பாடு எல்லாம் இதற்கு மேல். ஆக, உள்ளே போன முதல் நாளை மலைச்சாலையிலேயே கழித்து, அம்மா மறுநாளும் படுத்துக்கிடந்தால், அந்த இரண்டு நாளுக்கும் சேர்த்துத்தான் பணம் போகிறது. ரயிலும் காருமாகப் போனால் மிச்சமாகும் என்று கணக்குப் போடுபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

பாரோதான் அந்த நாட்டின் ஒரே சர்வதேச விமான நிலையம். ட்ரூக் ஏர், பூட்டான் ஏர்லைன்ஸ் இரண்டும் டெல்லி, கொல்கத்தாவிலிருந்து போகின்றன. உங்களுக்குக் கொல்கத்தா வசதி. அங்கிருந்து சுமார் ஒரு மணி நேரம். கடைசிச் சில நிமிடங்களை அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். விமானம் பள்ளத்தாக்குக்குள் நுழைந்து இப்படியும் அப்படியும் சாய்ந்து திரும்பும். இறக்கைக்குப் பக்கத்தில் மலைச்சரிவு வீடுகளின் ஜன்னல் தெரியும். ஓடுபாதை கண்ணில் படுவதே கடைசியில்தான். அது ஆபத்தின் அறிகுறி இல்லை, அங்கே வழியே அப்படித்தான். அதற்கென்று தனிப் பயிற்சி பெற்ற விமானிகள்தான் ஓட்டுகிறார்கள்.

உயரத்தை நினைத்தும் பயப்பட வேண்டாம். பாரோ விமான நிலையம் 2,235 மீட்டரில் இருக்கிறது. நம் ஊட்டி கிட்டத்தட்ட அதே உயரம். ஊட்டியில் சிரமப்படாதவர் பாரோவிலும் தலைநகர் திம்புவிலும் பொதுவாகச் சிரமப்பட மாட்டார். இதய நோயோ மூச்சுத் தொல்லையோ இருந்தால் மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, திரும்பும்போதும் ஏன் விமானம் கூடாது? பாரோவில் பகல் வெளிச்சத்தில், கண்ணுக்கு மலை தெரிந்தால்தான் ஏறலாம், இறங்கலாம். மேகம் கவிந்தாலோ காற்று வலுத்தாலோ தாமதம், சில சமயம் ரத்து. ஒருமுறை நான் அழைத்துப்போன ஒரு குழு, பாரோவில் மேகம் விலகட்டும் என்று மதியம்வரை காத்திருந்தது. அதற்குள் கொல்கத்தாவில் எங்கள் சென்னை விமானம் பறந்துவிட்டது. இரண்டும் தனித்தனி டிக்கெட். காசு போனதுதான் மிச்சம். இதனால்தான், போகும்போதும் முந்தின நாளே கொல்கத்தா போய் இரவு தங்கிவிடுங்கள். பாரோ விமானங்கள் பெரும்பாலும் காலையில்தான்.

சாலையில் வந்தால் இந்தப் பதற்றம் குறைவு, அதுவும் மழை ஓய்ந்த அக்டோபரில். இதையே ஜூலையில் கேட்டிருந்தால் சாலையே வேண்டாம் என்றிருப்பேன். மண்சரிந்தால் வண்டிகள் மணிக்கணக்கில் வரிசையில் நிற்கும். திம்புவிலிருந்து எல்லை ஊரான ஃபுன்ட்ஷோலிங்குக்கு நல்ல நாளில் ஐந்து மணி நேரம் வையுங்கள். கிளம்பிக் கொஞ்ச தூரத்தில் சுசோம் என்ற இடம் வரும். பாரோ ஆறும் வாங் ஆறும் சேரும் நம் பவானி கூடுதுறை மாதிரியான இடம். பூட்டான், திபெத், நேபாள பாணியில் மூன்று ஸ்தூபிகள் நிற்கும். அங்கே இறங்கி அம்மா காற்று வாங்கட்டும். கெடு என்ற ஊர்ப் பக்கம் பனிமூட்டத்துக்குள் வண்டி ஊரும். அதைத் தாண்டினால் இறக்கம்தான், வளைவுகளும் அங்கேதான் நெருக்கம். வாந்தி மாத்திரையை டாக்டரிடம் கேட்டு வாங்கி, கிளம்புவதற்கு அரை மணி நேரம் முன்பே கொடுங்கள். வளைவு ஆரம்பித்த பிறகு கொடுப்பது வீண். முன் சீட் அம்மாவுக்கு. கடைசி சீட்டில் உட்காரவே வேண்டாம்.

எல்லை வாசலைத் தாண்டினால் நம் பக்கம் ஜெய்காவ். அன்று இரவு அங்கே தங்கிவிட்டு, மறுநாள் காலை பாக்டோக்ரா விமான நிலையத்துக்குக் காரில் கிளம்புங்கள். தேயிலைத் தோட்டங்கள் வழியாகச் சுமார் நான்கு மணி நேரம், சமதளச் சாலை. பூட்டான் டாக்ஸியே பாக்டோக்ராவரை வரும். திம்புவிலேயே பேசிக்கொண்டால் வண்டி மாற்ற வேண்டியதில்லை. ரயில் ஆசை இருந்தால் ஜெய்காவிலிருந்து 18 கிலோமீட்டரில் ஹாசிமாரா ஸ்டேஷன். அங்கே காஞ்சன் கன்யா எக்ஸ்பிரஸ் ஏறினால் ஓர் இரவில் கொல்கத்தாவின் சியால்டா ஸ்டேஷன். பூட்டானுக்குள் ரயிலே கிடையாது. அசாமின் கோக்ராஜாரிலிருந்து பூட்டானின் கெலெஃபுவுக்கு 69 கிலோமீட்டர் பாதை போடப்போவதாக 2025-இல் அறிவித்திருக்கிறார்கள். அது முடிய இன்னும் சில வருடம் ஆகும்.

ஆதார் செல்லாது. பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அடையாள அட்டைதான். பாஸ்போர்ட் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். மகளுக்குப் பாஸ்போர்ட் இல்லையென்றால் பிறப்புச் சான்றிதழ். நம் ஊர்க்காரர்கள் மாட்டிக்கொள்வது இனிஷியலில். அம்மாவின் வாக்காளர் அட்டையில் ஒரு மாதிரி, டிக்கெட்டில் அப்பா பெயரை விரித்து இன்னொரு மாதிரி என்று இருந்தால் கவுண்டரில் நிறுத்துவார்கள். எந்த அட்டையைக் கொண்டுபோகிறீர்களோ, அதைக் கையில் வைத்துக்கொண்டு எழுத்துக்கு எழுத்து பார்த்து டிக்கெட் போடுங்கள்.

கொல்கத்தா–பாரோ டிக்கெட்டை முதலில் வாங்கிவிட்டு, அதற்கேற்றபடி சென்னை விமானத்தைத் தேடுங்கள். அக்டோபர் அங்கே சீசன், இருக்கைகள் சீக்கிரம் தீர்ந்துவிடும்.