சாப்ளின் படங்களில் வரும் அந்த முரட்டு வில்லன் யார்? மௌனப்பட நகைச்சுவையில் துணை நடிகருக்கு உண்மையில் எவ்வளவு பங்கு இருந்தது?

தடித்த புருவங்களை மேல்நோக்கி வளைத்து வரைந்துகொண்டு, பெரும்பாலும் அடர்ந்த தாடியோடு, சாப்ளினை ஒரே கையால் தூக்கி எறிந்துவிடுவார் போலத் தோன்றும் அந்த நடிகரைத்தான் கேட்கிறீர்கள் என்றால், அவர் பெயர் எரிக் காம்ப்பெல். இங்கிலாந்தில் பிறந்தவர். சாப்ளினைப் போலவே ஃப்ரெட் கார்னோவின் நாடகக் குழுவில் பயின்றவர். வசனத்தை நம்பாமல் உடலசைவையும் நேரக்கணக்கையும் கொண்டே சிரிக்க வைப்பது அந்தக் குழுவின் பாணி. அங்கே உருவான இருவர் பின்னர் ஒரே சட்டகத்தில் நின்றபோது அவ்வளவு இசைவாக இருந்ததற்கு அந்தப் பொதுவான பயிற்சி ஒரு முக்கியக் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

1916இல் மியூச்சுவல் என்ற திரைப்பட நிறுவனம் ஓராண்டுக்கு 6,70,000 டாலர் பேசி சாப்ளினை ஒப்பந்தம் செய்தது. அந்த ஒப்பந்தத்தில் உருவான குறும்படங்கள் மொத்தம் 12. ஏறக்குறைய முழுக்கச் சாப்ளின் தனியாகவே நடித்த ‘ஒன் ஏ.எம்.’ ஒன்றைத் தவிர, மற்ற 11 படங்களிலும் காம்ப்பெல் இருக்கிறார். தீயணைப்பு நிலையத் தலைவர், தையல்காரர், நாடோடிக் கூட்டத் தலைவன், உணவக ஊழியர் என வேடங்கள் மாறினாலும், கதைக்குள் அவருடைய வேலை ஒன்றுதான்: சாப்ளினுக்கு நிஜமான ஆபத்தாக நிற்பது. திரையில் தெரியும் அவருடைய முழுப் பணிக்காலமும் இரண்டு ஆண்டுகளுக்குள் அடங்கிவிடுகிறது என்பதை நினைத்தால் இன்றும் வியப்பாக இருக்கிறது.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு 1917 ஜனவரியில் வெளிவந்த ‘ஈஸி ஸ்ட்ரீட்’ படத்தைவிடத் தெளிவான விடை இல்லை. அதில் சாப்ளின் புதிதாக வேலைக்குச் சேர்ந்த காவலர்; காம்ப்பெல் அந்தத் தெருவையே நடுங்க வைக்கும் ரவுடி. சாப்ளின் தடியால் அவர் தலையில் அடிக்கிறார், மீண்டும் அடிக்கிறார். காம்ப்பெலின் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. பிறகு தன் பலத்தைக் காட்டுவதற்காக அவர் தெருவிளக்குக் கம்பத்தையே வளைக்கிறார். அந்த ஒரு நொடியைப் பயன்படுத்திக்கொண்டு அவர் முதுகில் தாவி ஏறும் சாப்ளின், விளக்குக் கூண்டை அவர் தலையில் கவிழ்த்து எரிவாயுவைத் திறந்துவிட்டு, மருத்துவரைப் போல நாடி பிடித்துப் பார்க்கிறார். நாம் சிரிப்பது அந்த நாடி பார்க்கும் இடத்தில்தான். ஆனால் அதற்கு முன் காம்ப்பெல் ஓர் அடிக்காவது கண்ணைச் சிமிட்டி, ‘இது விளையாட்டுத்தான்’ என்று காட்டியிருந்தால் அந்தச் சிரிப்பு பிறந்தே இருக்காது. தான் சிரிக்க வைக்க முயலாமல், பயத்தை முழுதாகக் கட்டி எழுப்பிவிட்டு, சிரிப்பை அடுத்தவருக்கு விட்டுக்கொடுப்பது லேசான காரியமல்ல. அந்தக் காட்சியைப் படமாக்கும்போது விளக்குக் கம்பம் விழுந்து சாப்ளினின் மூக்கில் அடிபட்டது என்பதையும் சொல்ல வேண்டும். அந்தக் காலத்து நகைச்சுவையில் ஆபத்து வெறும் நடிப்பு மட்டுமல்ல.

சாப்ளினே இதை எவ்வளவு உணர்ந்திருந்தார் என்பதற்கு ‘தி இமிக்ரண்ட்’ படத்தில் சேர்க்கப்படாமல் எஞ்சிய படச்சுருள்கள் சான்று. உணவகக் காட்சியில் ஊழியராக முதலில் நடித்தவர் ஹென்றி பெர்க்மன். அவர் நல்ல நடிகர்தான், சாப்ளினோடு பல ஆண்டுகள் இருந்தவர்தான். ஆனாலும் அந்த இடத்துக்குத் தேவையான மிரட்டல் அவரிடம் இல்லை. எனவே எடுத்ததை ஒதுக்கிவிட்டு, காம்ப்பெலை வைத்து மீண்டும் படமாக்கினார்கள். பத்து சென்ட் குறைவாகக் கொடுத்த ஒருவரை ஊழியர்கள் அடித்து நொறுக்குவதைப் பார்த்தபிறகு, தன் பையில் காசே இல்லை என்று சாப்ளின் கண்டுபிடிக்கிறார். எப்படியோ கிடைத்த நாணயத்தை அவர் நீட்டும்போது, காம்ப்பெல் அதைப் பல்லில் வைத்துக் கடிக்கிறார், நாணயம் வளைகிறது. கள்ளக்காசு! வளைந்த காசு ஒன்றால் நம் வயிற்றைக் கலக்க முடிகிறதென்றால், அதைக் கடித்தவரின் முகத்துக்குத்தான் அந்தப் பெருமை சேர வேண்டும்.

அவருடைய 1917 கொடியது. ஜூலையில் மனைவி மாரடைப்பால் இறந்தார். சில நாட்களிலேயே மகள் வாகனம் மோதிப் படுகாயமடைந்தாள். அவசரமாக நடந்த மறுமணம் இரண்டு மாதங்களுக்குள் முறிந்தது. டிசம்பர் 20 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் நடந்த கார் விபத்தில் அவரும் இறந்தார். நாற்பது வயதுகூட ஆகவில்லை.

அதன்பின் அந்த இடத்தை யாரும் அப்படியே நிரப்பவில்லை. 1925இல் ‘தி கோல்ட் ரஷ்’ படத்தில் பசியில் சாப்ளினைக் கோழியாகக் காணும் மேக் ஸ்வெய்ன் பேருருவம் கொண்டவர், பிரமாதமாக நடித்தவர். ஆனால் அவரிடம் ஒரு குழந்தைத்தனம் இருக்கிறது, பார்ப்பவருக்கு அவர்மேல் பரிவு வந்துவிடுகிறது. காம்ப்பெலிடம் அதற்கு இடமே இல்லை. பார்க்கத் தொடங்குவதானால் ‘தி இமிக்ரண்ட்’, ‘ஈஸி ஸ்ட்ரீட்’, அதன்பின் வாதக் காலில் கட்டோடு சுழல்கதவில் அவர் மாட்டிக்கொள்ளும் ‘தி க்யூர்’ என்ற வரிசையில் பாருங்கள். மூன்றும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மீட்டெடுக்கப்பட்ட தெளிவான பிரதிகளைத் தேடி எடுங்கள், மங்கலான பிரதிகளில் அவருடைய கண்கள் செய்யும் வேலை தெரியாது.