வேலைக்கும் வீட்டுக்கும் ஒரே போன் போதுமா, கனடாவில் இருந்து வரும் ஐபோனை எடுக்கலாமா?

கேள்வி: "கொழும்பில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். பாதி நாள் வெளியே திரியும் வேலை. வேலைக்கும் வீட்டுக்கும் ஒரே போன் போதுமா? ஒரு லட்சம் ரூபாய்க்குள் இங்கேயே புதுப் போன் வாங்கவா? கனடாவில் இருக்கும் மாமா தன்னுடைய ஐபோனை அனுப்புகிறேன் என்கிறார், அதை எடுக்கவா?"

"மாமா அனுப்புகிறார்" என்ற இடத்தைப் பார்த்துத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். எங்கள் ஆட்களில் எத்தனையோ பேரின் கையில் இருப்பது வெளிநாட்டில் இருந்து யாரோ ஒருவர் அனுப்பிய போன்தான். அன்பாக அனுப்புகிறார்கள், அதில் நான் குறை சொல்லவே மாட்டேன். ஆனால் அவர் அங்கே ஏசி அறையில் இருந்து பாவித்த போன் நீங்கள் இங்கே வெயிலில் நின்று செய்யும் வேலைக்குப் பொருந்துமா என்பது வேறு கேள்வி.

நான் வாப் கிளார்க். துறைமுகத்தில் இறங்கும் கொண்டெய்னர்களைச் சுங்கத்தில் விடுவித்து இறக்குமதிக்காரரிடம் சேர்ப்பிக்கும் வேலை. காலையில் புறக்கோட்டை ஒபிஸ், பிறகு சுங்கத் தலைமையகம், மத்தியானம் கொண்டெய்னர்கள் வைத்திருக்கும் ஒருகொடவத்தை யார்ட், பின்னேரம் யாருடைய ஸ்டோரிலாவது சாமான் இறக்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். உங்கள் வேலையும் இப்படி அலைச்சல் வேலை என்றே எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். நாள் முழுக்க மேசையில் இருப்பவராக இருந்தால் நான் சொல்வதில் பாதி உங்களுக்குத் தேவைப்படாது.

ஒருமுறை டைல்ஸ் வந்த கொண்டெய்னர் ஒன்றை யார்டில் இருந்து வெளியே எடுத்தோம். எடுக்கும்போதே அதன் பக்கத் தகரம் உள்ளே அமுங்கியிருந்தது. நான் எப்போதும் செய்வது போல நாலு பக்கமும் படம் எடுத்தேன். நம்பர் தெளிவாக விழும்படி கதவுப் பக்கம் ஒன்று, சீல் நம்பர் கிட்டத்தில் ஒன்று. பிறகு வெறும் பெட்டியைத் திருப்பிக் கொடுத்தபோது, சேதம் எங்கள் பக்கத்தில்தான் நடந்தது என்று சொல்லி, கொண்டெய்னருக்காக நாங்கள் கட்டிய வைப்புப் பணத்தில் கப்பல் ஏஜென்ட் கை வைக்கப் பார்த்தார். என் படங்களைக் காட்டினோம். கொண்டெய்னர் நம்பர் என்பது நாலு ஆங்கில எழுத்தும் ஏழு இலக்கமும். கடைசி இலக்கம் மற்றவை சரியா என்று சோதிப்பதற்காகவே வைத்தது. அதில் ஒரு இலக்கம் மங்கலாக இருந்திருந்தால் 'இது வேறு பெட்டி' என்று கதையை முடித்திருப்பார்கள். எல்லா இலக்கமும் தெரிந்தது, எடுத்த நேரமும் படத்தின் விபரத்தில் இருந்தது. பணம் முழுதாகத் திரும்பி வந்தது.

அந்தப் படத்துக்கு நான் இன்றும் பெருமைப்படுகிறேன். அதனால்தான் சொல்கிறேன், எத்தனை மெகாபிக்சல் என்று கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். வேறு மூன்று விஷயங்களைப் பாருங்கள். வெயிலில் ஸ்கிரீன் தெரிகிறதா? ஸ்கிரீன் வெளிச்சத்தை நிட்ஸ் என்ற அளவில் சொல்வார்கள், மலிவான போன்கள் 500 நிட்ஸ் மட்டில் நின்றுவிடும். மத்தியான வெயிலில் நீங்கள் எதைப் படம் பிடிக்கிறீர்கள் என்றே தெரியாது. 1000 நிட்ஸ் அளவில் உள்ளதை எடுங்கள். கடைக்காரரிடம் கேட்டு வாசலுக்கு வெளியே கொண்டுபோய்ப் பாருங்கள், நல்ல கடையென்றால் ஒருவரையும் கூட அனுப்பிக் காட்டுவார்கள். அடுத்தது கிட்டத்தில் இருக்கும் எழுத்தை கமரா சட்டென்று பிடிக்கிறதா என்பது. மூன்றாவது உள்ளே இடம். 128 ஜிபி வேலைப் படங்களோடு சீக்கிரம் நிறைந்துவிடும், 256 எடுங்கள்.

அப்புறம் ஒன்று, படத்தை வாட்ஸ்அப்பில் சும்மா அனுப்பினால் அது சுருங்கிவிடும், எடுத்த நேர விபரமும் அழிந்துவிடும். 'டொக்கியுமென்ட்' ஆக அனுப்பினால் எடுத்தபடியே போகும். வேலைக்குப் போன் பாவிக்கும் எல்லோரும் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

பற்றரி பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டிய நாட்களைக் கொழும்பில் கடந்தவர்களுக்கு 5000 எம்ஏஎச் கொள்ளளவுள்ள பற்றரி ஏன் வேண்டும் என்று விளக்க வேண்டியதில்லை. மழைக்கு ஐபி67 என்ற தண்ணீர் தாங்கும் தரம் இருந்தால் நல்லது. ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணித்தியாலம் தாங்கும் என்பது அதன் கணக்கு. ஆனால் தண்ணீர் போன போனுக்குப் பெரும்பாலும் வொறண்டி கிடையாது.

இனி மாமாவின் ஐபோன். என் சித்தப்பாவின் மகன் அமெரிக்காவில் இருந்து ஐபோன் 14 அனுப்பினான். அருமையான போன். ஆனால் அமெரிக்காவில் விற்ற 14இலும் அதற்குப் பிறகு வந்தவற்றிலும் சிம் போடும் துளையே இல்லை, போனுக்குள்ளேயே பதிந்திருக்கும் இ-சிம் மட்டும்தான். இங்கேயும் இ-சிம் கிடைக்கிறது, அது பிரச்சினை இல்லை. என் வேலையில் போன் செத்துவிட்டால், சிம்மைக் கழற்றிப் பக்கத்தில் நிற்கும் பெடியனின் போனில் போட்டு அடுத்த அழைப்பை எடுக்க வேண்டும். லொறி கேற்றில் நிற்கும்போது இ-சிம்மை மாற்றிக்கொண்டிருக்க முடியாது. அதை இப்போது தங்கச்சி பாவிக்கிறாள், அவளுக்கு அது சரியாகப் பொருந்தியிருக்கிறது. ஐபோன் மேல் எனக்குக் கோபம் என்று யாரும் நினைக்க வேண்டாம். நான் சொல்வது வெளியே ஓடித் திரியும் ஒருவரின் தேவை.

கனடாவில் 2017 டிசம்பரில் இருந்து போன்களை ஒரே கம்பனியின் சிம்முக்கு மட்டும் என்ற லொக் இல்லாமல்தான் விற்க வேண்டும் என்பது விதி. ஆகவே அந்தப் பயம் உங்களுக்கு அநேகமாக இல்லை. ஆனால் மாமாவிடம் மூன்று விஷயம் கேளுங்கள். எந்த மொடல்? ஐபோன் 17 என்றால் கனடாவிலும் சிம் துளை கிடையாது. தன்னுடைய ஆப்பிள் கணக்கில் இருந்து வெளியேறி, போனை முழுதாக அழித்துவிட்டாரா? இல்லையென்றால் இங்கே அது திறக்காது. மூன்றாவது ஐஎம்இஐ நம்பர், ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண். *#06# அழுத்தினால் வரும். ஐஎம்இஐ என்று ஆங்கிலத்தில் அடித்து, ஓர் இடைவெளி விட்டு, அந்த 15 இலக்கத்தையும் 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவில் பதிவு உண்டா என்று பதில் வரும். போனை மாமா அனுப்புவதற்கு முன்பே கேட்டு வைப்பது நல்லது. இன்னொன்று, நீங்கள் இப்போது அண்ட்ரொய்ட் பாவித்தால் கூகுளில் சேமித்த வாட்ஸ்அப் உரையாடல்கள் ஐபோனில் நேரடியாக இறங்காது. இரண்டு போனையும் பக்கத்தில் வைத்து, ஐபோனை முதன்முதலாகத் தொடங்கும்போதே மாற்ற வேண்டும்.

ஒரே போன் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு சிம் உள்ள ஒரு நல்ல போன் போதும், ஆனால் உள்ளே வேலையைப் பிரித்து வையுங்கள். 2023 கடைசியில் இருந்து அண்ட்ரொய்டில் ஒரே வாட்ஸ்அப்பில் இரண்டு கணக்கு வைக்கலாம். வேலை நம்பருக்கு ஒன்று, அம்மாவும் நண்பர்களும் இருக்கும் நம்பருக்கு ஒன்று. இரவு எட்டு மணிக்குப் பிறகு வேலை சிம்மை மட்டும் அணைத்து வைக்கலாம்.

இதைச் சொல்லும்போது மனதில் கிடப்பதையும் சொல்லிவிடுகிறேன். வேலைக்குப் போன் கட்டாயம், ஆனால் போன் தரமாட்டோம் என்ற வழக்கம் கொழும்பில் எத்தனையோ கம்பனிகளில் இருக்கிறது. மாதம் ஒரு சின்ன ரீலோட்டோடு அவர்கள் கடமை முடிந்துவிடும். வைப்புப் பணத்தைக் காப்பாற்றிய அந்தப் படம் என் காசில் வாங்கிய போனில் எடுத்தது. சில மாதம் கழித்து வேலைத்தலத்திலேயே அதன் ஸ்கிரீன் உடைந்தபோது "உங்கட போன்தானே" என்றார்கள். போயா நாளிலும் அழைப்பு வரும், எடுக்காவிட்டால் முகம் சுளிப்பு. மெல்பேர்னில் இருக்கும் நண்பன் சொன்னான், அவுஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்டில் இருந்து வேலை நேரத்துக்குப் பிறகு வரும் அழைப்பை, எடுக்க மறுப்பது நியாயமற்றது என்றாலொழிய, எடுக்காமல் இருக்கும் உரிமை சட்டத்திலேயே இருக்கிறதாம். அதைக் கேட்டபோது எனக்கு நெஞ்சு கனத்தது. நீங்கள் புதிதாகச் சேர்ந்தவர், இப்போதே பேசுங்கள். போன் உடைந்தால் யார் செலவு, மாதக் கட்டணம் யார் என்று ஒரு மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள். சேர்ந்து ஒரு வருடம் ஆனபிறகு யாரும் தரமாட்டார்கள்.

அந்த ஸ்கிரீன் உடைந்தபோதுதான் எல்லோரும் வைத்திருக்கும் மொடலை வாங்கியது எவ்வளவு நல்லது என்று தெரிந்தது. கொள்ளுப்பிட்டி லிபர்ட்டி பிளாசாவில் அன்றே மாற்றித் தந்தார்கள். என்னோடு வேலை செய்பவர் பெயர் கேள்விப்படாத ஒரு போன் வைத்திருந்தார், அதற்குப் பாகம் வரும்வரை பழைய பட்டன் போனோடு திரிந்தார். ஒரு லட்சத்துக்குள் நான் பார்ப்பதென்றால் சாம்சங் ஏ வரிசையில்தான் தொடங்குவேன். சாம்சங் 2025இல் விட்ட ஏ26, ஏ36, ஏ56 மூன்றுக்கும் ஆறு வருடம் அப்டேட் தருவதாகச் சொல்லியிருக்கிறது. வங்கி ஆப்கள் இருக்கும் போனில் அதுதான் முக்கியம். இது விளம்பரம் இல்லை, வேறு கம்பனியில் இதே வசதி கிடைத்தால் அதை எடுங்கள்.

2024 ஜனவரியில் வற் வரி 18 சதவீதம் ஆனபிறகு, பில் வேண்டாம் என்றால் குறைத்துத் தருகிறேன் என்று சொல்லும் கடைகள் உண்டு. அந்தக் குறைப்புக்கு இணங்க வேண்டாம். கடை வொறண்டியா, கம்பனி வொறண்டியா என்று கேளுங்கள். பெட்டியில் இருக்கும் ஐஎம்இஐயும் போனில் வருவதும் ஒன்றா என்று பார்த்து, அங்கேயே நின்று 1909க்கு அனுப்பி, பதில் வந்த பிறகு காசைக் கொடுங்கள். அந்த நம்பரைப் பில்லிலும் எழுதச் சொல்லுங்கள்.