சூட்டுத்தட்டில் தேறாத நொச்சி

கேள்வி: பினாங்கு லிட்டில் இந்தியாவில் நாட்டு மருந்துக் கடை வைத்திருக்கிறேன். எங்கள் நொச்சி இலைச் சாரத்தைச் சுண்டெலியில் சோதித்து, ஓர் ஏஜெண்ட் ரிப்போர்ட் தந்திருக்கிறார். அமில ஊசிச் சோதனையில் வலி பாதிக்குமேல் குறைந்ததாம், சூட்டுத்தட்டில் ஒன்றுமில்லையாம். மருந்து தேறவில்லையா? லேபிளில் 'வலி நிவாரணி' என்று போடலாமா?

பதில்: சூட்டுத்தட்டை நினைத்துக் கலங்காதீர்கள். 55 டிகிரி தட்டில் விட்ட எலி எத்தனை வினாடியில் பாதத்தை நக்குகிறது, துள்ளுகிறது என்று பார்ப்பதுதான் அது. மார்ஃபின் போல மூளையிலும் தண்டுவடத்திலும் வேலை செய்யும் மருந்துக்குத்தான் அந்த நேரம் நன்றாக நீளும். ஆஸ்பிரினே அங்கே பெரும்பாலும் கோட்டை விடும்.

அமிலச் சோதனை வேறு வகை. 25 கிராம் எலிக்கு 0.6 சதவீத அசிட்டிக் அமிலம் கால் மில்லியை வயிற்றறைக்குள் ஊசி போட்டால், வயிற்றை இழுத்துப் பின்னங்காலை நீட்டி முறுக்கும். ஐந்து நிமிடம் விட்டு, அடுத்த 20 நிமிடத்துக்கு முறுக்கை எண்ணுவார்கள். அழற்சி வலியைத் தணிக்கும் சரக்கு இங்கே சுலபமாகத் தேறும்.

அந்தச் சுலபம்தான் ஆபத்து. எலிக்குத் தூக்கம் வந்தாலும், தசை தளர்ந்தாலும் முறுக்காது. சுழலும் தடியில் விழாமல் நிற்கிறதா என்று பார்க்கும் ரோட்டாராட் சோதனை ரிப்போர்ட்டில் இருக்கிறதா? அதைவிட முக்கியம், சாரத்தை எந்த வழியில் கொடுத்தார்கள் என்பது. அதையும் வயிற்றறைக்குள்ளேயே ஊசியாகப் போட்டிருந்தால், சாரமும் அமிலமும் ஒரே இடத்தில் சந்திக்கும். சாரம் காரத்தன்மை உள்ளதென்றால் அமிலமே முறிந்துபோகும். வலி போனதாகத் தெரிவது, அமிலம் செத்ததனால். வாய்வழியாகக் குழாயில் கொடுத்து, ஒரு மணி நேரம் கழித்து அமிலம் போட்ட கணக்கையே நம்புங்கள்.

ஏஜெண்டிடம் கேட்க வேண்டியவை: விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் எண், அழுத்தி உலர்த்திய செடி மாதிரியின் எண் (நொச்சி வேறு, நீர்நொச்சி வேறு), ஒப்பிட்டுப் பார்க்க ஆஸ்பிரின் கொடுத்த எலிக் குழுவின் கணக்கு, எந்த எலிக்கு எது கொடுத்தது என்று தெரியாமல் எண்ணியவரின் மூலப் பதிவு. 2015 விலங்கு நலச் சட்டத்தின் கீழ் எலிச் சோதனைக்கு உரிமம் வேண்டும். முறையாகப் போனால் படிவம் மேசை மேசையாக அலையும், உண்மைதான். அந்த அலைச்சலை வைத்துத்தான் இந்த மாதிரி ஏஜெண்டுகள் பிழைக்கிறார்கள். ஒப்புதல் எண் கேட்டதும் பேச்சை மாற்றினால் மிச்சப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

லேபிளில் போடக்கூடாது. பாரம்பரிய மருந்துப் பதிவுக்கு எலி ரிப்போர்ட் தேவையே இல்லை. தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமை பார்ப்பது கன உலோகம், கிருமி, திருட்டுத்தனமாகக் கலந்த ஸ்டீராய்டு போன்றவற்றை. பதிவான பிறகும் 'பாரம்பரியமாக உடல்வலிக்குப் பயன்படுவது' என்கிற அளவில்தான் வாசகம் கிடைக்கும்.

இன்னொன்று: ரிப்போர்ட்டில் கிலோவுக்கு 400 மில்லிகிராம் என்று இருந்தால், 60 கிலோ ஆளுக்கு 24 கிராம் என்று பெருக்கிவிடாதீர்கள். எலி அளவை முதலில் ஏறத்தாழ 12ஆல் வகுக்க வேண்டும். இரண்டு கிராம்தான் வரும். நச்சுச் சோதனை முடியாமல் அதையும் யாருக்கும் கொடுக்கக்கூடாது.