மணிக்கொரு முகம் காட்டும் மகள்

மதிப்புக்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

என் மகளுக்கு 13 வயது. காலையில் பாடிக்கொண்டே பள்ளிக்குக் கிளம்புகிறாள். மாலையில் வந்ததும் பையை வீசிவிட்டு அறைக்கதவைச் சாத்திக்கொள்கிறாள். சற்று நேரத்தில் தோழி தொலைபேசியில் அழைத்தால் கலகலவென்று சிரிக்கிறாள். சாப்பிடக் கூப்பிட்டால் மறுபடியும் எரிச்சல். என்னை விட்டு நகராமல் வளர்ந்த பெண், இப்போது உறவினர்கள் வந்தால்கூட எட்டிப் பார்ப்பதில்லை. சில வாரங்களாக அவளுக்குத் தெரியாமல் அவள் மனநிலையைக் குறித்து வைக்கிறேன். ‘கோபம்’, ‘மௌனம்’ என்று பக்கங்கள் நிறைகின்றனவே தவிர, எதுவும் விளங்கவில்லை. இது வயதின் இயல்பா, நோயின் தொடக்கமா?

கவலையுடன்,
ஒரு தாய்

அன்புள்ள சகோதரி,

தோழி அழைத்தால் அவள் சிரிக்கிறாள் என்ற வரி எனக்கு நம்பிக்கை தந்தது. அதை மட்டும் வைத்து முடிவு சொல்ல முடியாது. ஆனாலும், இறங்கிய மனம் மீண்டும் எழுகிறதா என்பதைத்தான் நாங்கள் முதலில் பார்ப்போம்.

உங்களைப் போலவே அன்றாட மனநிலையைக் குறித்துப் பார்த்தவர்கள் உண்டு. 1970களில் சிகாகோவில் மிஹாய் சிக்சென்ட்மிஹாய், ரீட் லார்சன் ஆகிய உளவியலாளர்கள் பதின்பருவத்தினரிடம் பேஜர் கருவியைக் கொடுத்தனுப்பினார்கள். எதிர்பாராத நேரங்களில் அது ஒலிக்கும். உடனே அந்தப் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள், யாருடன் இருக்கிறார்கள், மனம் எப்படி இருக்கிறது என்று எழுத வேண்டும். 1980இல் வெளியான முடிவின்படி, பெரியவர்களைவிட இவர்களின் மனநிலை அதிகம் ஏறி இறங்கியது, விரைவாக மாறியது. அந்த மாற்றத்துக்கும் மனநலக் குறைவுக்கும் தொடர்பு தென்படவில்லை.

கதவைச் சாத்திக்கொள்வதும் அப்படித்தான். தனியே இருக்கும்போது இந்த வயதினரின் உற்சாகம் குறைந்தாலும், வெளியே வந்தபின் மனம் சற்றுத் தெளிந்திருப்பதையும் அந்த ஆய்வாளர்கள் கண்டார்கள். நாள் முழுவதும் வகுப்பிலும் தோழிகளிடையிலும் தன்னை நிலைநிறுத்திக்கொள்ளப் பாடுபட்ட பெண்ணுக்கு அந்தத் தனிமை தேவைப்படலாம்.

உங்கள் குறிப்பேட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அந்த ஆய்வில் எழுதியவர்கள் பிள்ளைகளே. நீங்கள் ‘கோபம்’ என்று எழுதிய மாலையில் அவள் அவமானப்பட்டிருக்கலாம், வெறுமனே தூக்கம் போதாமல் இருந்திருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் கோபமாகத்தான் தெரியும். அதனால் மறைவாக எழுதுவதை விட்டுவிட்டு, அவளிடமே சொல்லிவிடுங்கள். கோபித்துக்கொள்வாள், கொள்ளட்டும். விரும்பினால் அவளே எழுதட்டும்: அப்போது யாருடன் இருந்தாள், என்ன நடந்தது, முந்தைய இரவு எவ்வளவு தூங்கினாள். உங்களிடம் காட்ட வேண்டிய கட்டாயம் வேண்டாம். ஒருநாள் மனநிலையிலிருந்து எதையும் அறிய முடியாது. சில மாதங்கள் சேர்ந்த பிறகு, எவை தன்னைச் சோர்வாக்குகின்றன, எதனால் மீள்கிறாள் என்பது அவளுக்கே புலப்படும். தன் மனத்தைத் தானே கவனிக்கத் தொடங்குவதும் வளர்ச்சிதான்.

விலகிப் போகிறாள் என்ற உங்கள் வலி எனக்குப் புரிகிறது. லார்சன் குழுவினர் 1996இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வில், 10 வயதிலிருந்து 18 வயதுக்குள், விழித்திருக்கும் நேரத்தில் குடும்பத்துடன் கழியும் பங்கு 35 சதவீதத்திலிருந்து 14 சதவீதமாகக் குறைந்தது. ஆனால் அம்மாவுடனோ அப்பாவுடனோ தனித்து இருக்கும் நேரம் பெரிதாகக் குறையவில்லை! உறவினர் கூட்டத்துக்கு அவளை இழுக்காதீர்கள். நீங்கள் இருவர் மட்டும் இருக்கும் பொழுதை விட்டுவிடாதீர்கள். அந்த நேரத்தில் கேள்விகளைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வாரங்களுக்கு மேல் நாளின் பெரும்பகுதி சோர்வாகவே இருந்தாலோ, தோழிகளையும் தவிர்த்தாலோ, தூக்கமும் பசியும் கெட்டாலோ, படிப்பு திடீரெனச் சரிந்தாலோ மனநல மருத்துவரைப் பாருங்கள். சாக வேண்டும் என்ற பேச்சு வந்தாலோ, தன்னைக் காயப்படுத்திக்கொண்டாலோ அன்றே அழைத்துச் செல்லுங்கள்; அவளைத் தனியே விடாதீர்கள்.

அன்புடன்,
ஆலோசகர்