32,000 ரிங்கிட் ஸ்பீக்கர் வாங்கலாமா?

கேள்வி: வணக்கம் ஐயா. எனக்கு வயது 51. பினாங்கின் பாயான் லெப்பாஸில் உள்ள ஒரு மின்னியல் தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். பிடித்தங்கள் போக மாதம் 7,800 ரிங்கிட் கைக்கு வருகிறது. ஆயர் ஈத்தாமில் அடுக்குமாடி வீடு. மாதத் தவணை 1,650 ரிங்கிட், இன்னும் 6 ஆண்டுகள் கட்ட வேண்டும். வங்கியில் நிரந்தர வைப்பாக 62,000 ரிங்கிட் உள்ளது. மகள் அடுத்த ஆண்டு பல்கலைக்கழகம் செல்கிறாள். சிறு வயது முதல் எனக்குப் பாட்டுக் கேட்பதில் பித்து. ஜார்ஜ்டவுன் கடை ஒன்றில் 32,000 ரிங்கிட் விலையுள்ள ஒரு ஜோடி ஸ்பீக்கரைக் கேட்டதிலிருந்து மனம் அதிலேயே நிற்கிறது. அதற்கேற்ற ஆம்ப்ளிஃபயர் மேலும் 14,000 ரிங்கிட். விலை இறங்காத பொருள், இதுவும் ஒரு முதலீடுதான் என்று கூறும் கடைக்காரர், 24 மாத வட்டியில்லாத் தவணையும் தருவதாகச் சொல்கிறார். ஊழியர் சேமநிதியில், ஓய்வுக்கு முன்பே சில தேவைகளுக்கு எடுக்க இடமளிக்கும் செஜாத்தெரா கணக்கிலிருந்து எடுக்கலாமா என்றும் யோசிக்கிறேன். என் மனைவிக்கு இதில் துளியும் விருப்பமில்லை. இந்த விலை நியாயமானதுதானா?

பதில்: கடைக்காரர் சொன்ன "முதலீடு" என்ற சொல்லை முதலில் ஒதுக்கி வைத்துவிடுவோம். பிபிசி ஒலிபரப்புப் பணிக்காக 1970களில் வடிவமைக்கப்பட்ட எல்எஸ்3/5ஏ போன்ற சில பழைய ஸ்பீக்கர் பெட்டிகளைச் சேகரிப்பாளர்கள் இன்றும் நல்ல விலை கொடுத்துத் தேடுவது உண்மை. ஆனால் அது விதிவிலக்கு. இன்று கடையில் வாங்கும் ஸ்பீக்கரை ஐந்து ஆண்டுகள் கழித்துப் பாதி விலைக்கு விற்க முடிந்தால், அதையே நல்ல விற்பனை என்பேன். நம் ஊர் ஈரப்பதமும் அதற்குத் துணை நிற்காது. இளமையில் ஆசைப்பட்டு நான் வாங்கிய ஒரு ஜோடியில், தாழ்ந்த ஒலிகளை எழுப்பும் வூஃபரின் கூம்பைச் சுற்றியிருந்த நுரை வளையம் சில ஆண்டுகளிலேயே தொட்டால் உதிரும் நிலைக்கு வந்து, அதை மாற்றுவதற்குக் கொடுத்த கூலி இன்றும் நினைவில் இருக்கிறது. ஆகவே நீங்கள் கேட்பது செலவைப் பற்றிய கேள்வி. செலவு செய்வதில் தவறொன்றும் இல்லை. அதைச் செலவு என்று அறிந்து செய்ய வேண்டும், அவ்வளவே.

இனி, விலை எங்கே போகிறது என்று பார்ப்போம். தாழ்ந்த சுருதிகளை உரக்க எழுப்ப நிறையக் காற்றைத் தள்ள வேண்டும். அதற்குப் பெரிய வூஃபரும் பெரிய பெட்டியும் தேவை. பெட்டியின் பலகை தானும் அதிர்ந்து இசையோடு கலந்துவிடாதிருக்க உள்ளே குறுக்குத் தாங்கிகள் வைத்துக் கனமாகச் செய்ய வேண்டும். உயர்ந்த ஒலிகளை எழுப்பும் ட்வீட்டருக்குப் பெரிலியம் போன்ற விலையுயர்ந்த உலோகத்தைப் பயன்படுத்துவோரும் உண்டு. இவை உண்மையான செலவுகள். இவற்றோடு, குறைந்த எண்ணிக்கையில் செய்வதால் ஒவ்வொரு ஜோடியின் மீதும் விழும் ஆராய்ச்சிச் செலவு, பியானோவைப் போல் மின்னும் மேற்பூச்சு, கனமான பெட்டிகளைக் கப்பலில் ஏற்றி வரும் கூலி, இறக்குமதியாளரின் லாபம், குளிரூட்டிய அறையில் உங்களை உட்கார வைத்துக் கேட்கச் செய்யும் கடையின் வாடகை ஆகிய அனைத்தும் அந்த 32,000 ரிங்கிட்டில் அடங்கியுள்ளன. 1,000 ரிங்கிட் ஜோடிக்கும் 6,000 ரிங்கிட் ஜோடிக்கும் உள்ள வேறுபாட்டை யாருடைய காதும் உணரும். அதற்கு மேல் ஒவ்வோர் ஆயிரத்துக்கும் கிடைக்கும் ஒலித்தரம் குறைந்துகொண்டே போய், பளபளப்பும் பெருமையும் கூடிக்கொண்டே போகும் என்பது என் கணிப்பு.

கண் காதை ஏமாற்றும் என்பதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். கனடாவின் தேசிய ஆய்வு மன்றத்தில் பல ஆண்டுகள் ஸ்பீக்கர்களை ஆராய்ந்த ஃப்ளாய்ட் டூல், பின்னர் ஒலிக்கருவிகள் தயாரிக்கும் ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஓலிவுடன் சேர்ந்து 1994இல் வெளியிட்ட ஆய்வில், அதே ஸ்பீக்கர்களை அதே மனிதர்கள் ஒரு முறை பார்த்தபடியும் ஒரு முறை திரைக்குப் பின்னாலிருந்து ஒலிக்கவும் கேட்டு மதிப்பெண் இட்டனர். பார்த்துக் கேட்டபோது பெரிய, விலையுயர்ந்த பெட்டிகளுக்கு மதிப்பெண் உயர்ந்தது. சிறிய, மலிவான பெட்டிக்கு இறங்கியது. திரை வந்ததும் அந்த இடைவெளி சுருங்கியது. கேட்டு மதிப்பெண் இட்டவர்களில் பலர் அத்துறையிலேயே வேலை செய்தவர்கள் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

உங்கள் கேள்வியில் நான் தேடியும் கிடைக்காத ஒன்று உங்கள் வரவேற்பறை. தாழ்ந்த ஒலிகளில், ஏறத்தாழ 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே, நம் காதுக்கு வந்து சேர்வதைப் பெருமளவு தீர்மானிப்பது அறையின் நீள அகலமும், ஸ்பீக்கரை எந்த மூலையில் வைக்கிறோம் என்பதும்தான். பளிங்குத் தரையும் வெறுஞ்சுவரும் கண்ணாடிச் சன்னலும் உள்ள நம் அடுக்குமாடி அறைகளில் உயர்ந்த ஒலிகள் எகிறித் திரும்புகின்றன. தலைக்கு மேல் மின்விசிறி சுழல, கீழே சாலையில் மோட்டார் சைக்கிள்கள் போய்க்கொண்டிருக்க, கடையில் நீங்கள் கேட்டு வியந்த மெல்லிய நுணுக்கங்களில் எத்தனை மிஞ்சும்? கீழ்வீட்டுக்காரர் எத்தனை மணி வரை பொறுத்துக்கொள்வார் என்பதையும் நீங்கள்தான் அறிவீர்கள். ஒரு தடித்த கம்பளமும் கனத்த திரைச்சீலையும் வாங்கிப் போட்டு, இப்போது இருக்கும் ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து இரண்டடி முன்னே இழுத்து வைத்துக் கேளுங்கள். பல ஆயிரம் ரிங்கிட் செய்யாததைச் சில நூறு செய்துவிடக் கூடும்.

பணக் கணக்குக்கு வருகிறேன். மொத்தம் 46,000 ரிங்கிட்டை 24 மாதங்களில் கட்டினால் மாதம் 1,917 ரிங்கிட். வீட்டுத் தவணையோடு சேர்த்தால் 3,567 ரிங்கிட், அதாவது உங்கள் சம்பளத்தில் ஏறத்தாழ 46 விழுக்காடு, அதுவும் மகளின் படிப்புச் செலவு தொடங்கும் அதே இரண்டு ஆண்டுகளில். வட்டியில்லாத் தவணை பெரும்பாலும் கடன் அட்டை வழியாகவே தரப்படுகிறது; பணமுடையில் அட்டை நிலுவையை முழுதாகக் கட்டாமல் விட்டால், நம் நாட்டில் ஆண்டுக்கு 15 முதல் 18 விழுக்காடு வரை வட்டி ஓடும்.

சேமநிதியைத் தொட வேண்டாம். 50 வயது கடந்தவர் என்பதால் செஜாத்தெரா கணக்கிலிருந்து எடுக்க உங்களுக்கு அனுமதி உண்டு. ஆனால் சேமநிதி 2023இல் 5.5 விழுக்காடும் 2024இல் 6.3 விழுக்காடும் லாப ஈவு வழங்கியது. ஆண்டுக்கு 5.5 விழுக்காடு என்றே வைத்துக்கொண்டாலும், இன்று எடுக்கும் 46,000 ரிங்கிட், உங்கள் 60ஆவது வயதில் ஏறக்குறைய 74,000 ரிங்கிட்டாக இருந்திருக்கும். ஸ்பீக்கரின் உண்மையான விலை அதுதான்.

மாதச் செலவு வீட்டுத் தவணையுடன் 5,500 ரிங்கிட் என்று கொண்டால், ஆறு மாத அவசர இருப்புக்கு 33,000 ரிங்கிட் வேண்டும். மகளின் முதலாண்டுக் கட்டணம், விடுதி, மடிக்கணினி ஆகியவற்றுக்கு 16,000 ரிங்கிட் ஒதுக்குங்கள். தனியார் பல்கலைக்கழகம் என்றால் இந்தத் தொகை போதாது, என் கணக்கும் மாறிவிடும். 62,000இல் எஞ்சுவது 13,000. அதில் 12,000 ரிங்கிட்டுக்குள், ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபயர், கம்பளம் அனைத்தையும் சேர்த்து, ரொக்கமாக வாங்குவதில் எனக்கு மறுப்பில்லை. ரொக்க விலை வேறா என்று கேட்கத் தயங்காதீர்கள். பயன்படுத்திய பெட்டி என்றால் வளையம் நுரையா ரப்பரா என்று விரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள்.

வாங்குமுன் அதே கடையில் 32,000 ரிங்கிட் ஜோடியையும் 8,000 ரிங்கிட் ஜோடியையும் ஒரு மெல்லிய திரைக்குப் பின்னால் வைக்கச் சொல்லி, இரண்டின் ஒலியளவையும் சமப்படுத்தச் சொல்லுங்கள். சற்றே உரக்க ஒலிப்பது பெரும்பாலும் மேலானதாகத் தோன்றும் என்பதால் இது முக்கியம். மாற்றி மாற்றி ஒலிக்க வைக்கும் பொறுப்பை உங்கள் மனைவியிடம் கொடுங்கள். பத்து முறையில் ஒன்பது முறை 32,000 ரிங்கிட் ஜோடியை நீங்கள் சரியாகச் சொல்லிவிட்டால், மகளின் முதலாண்டுக் கட்டணம் கட்டி முடிந்த பிறகு எனக்கு மீண்டும் எழுதுங்கள்.